மூன்று இறக்கை, இரண்டு எலுமிச்சை

படித்த முட்டாளுக்கும் படிக்காத முட்டாளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படிக்காதவன் தனக்குத் தெரியாததை வாய்விட்டுக் கேட்டுவிடுவான். படித்தவன் கேட்கமாட்டான், கேட்டால் மரியாதை போய்விடும். நான் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து, பன்னிரண்டு வருடம் பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவன். அதனால்தான் ஒரு விமானத்துக்குப் பிரேக் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்காமல், நல்ல மனிதர் ஒருவரைக் கொல்லப் பார்த்தேன்.

(கொல்லவில்லை. பயப்படாதீர்கள். போன வாரம்கூட எங்கள் வீட்டில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.)

என் மனைவி சுமதி நர்ஸ். வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் நாங்கள் சிட்னிக்கு வந்தோம். விசாவில் அவள் பெயர் முதலில் இருந்தது. என் பெயர் 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் இருந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வந்த எட்டு மாதத்தில் எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. காலையில் அவளுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டுவேன், துணியை மெஷினில் போடுவேன், பிறகு உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்புவேன். எல்லாரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலை அனுப்பினார்கள். உள்ளூர் அனுபவம் இல்லை. உள்ளூரில் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடியவர் யார்?

உள்ளூரில் என்னைத் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒன்று சுமதி. இரண்டாவது, பென்டில் ஹில் மளிகைக் கடைக்காரர். மூன்றாவது, எங்கள் வீட்டுக்காரர் சிவா அங்கிள். நார்த்மீட்டில் அவருடைய வீட்டின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சாஸ்திரம், சம்பிரதாயம், கார் இன்ஷூரன்ஸ் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஆனால் பம்ப் கம்பெனிக்குப் போன் செய்து என்னைப் பற்றிச் சொல்ல இந்த மூன்று பேராலும் ஆகாது.

ஒரு நாள் சுமதி வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"என்னங்க, எங்க வார்டுக்கு மேலதிகாரி ஹெலன் இருக்காங்கல்ல, அவங்க வீட்டுக்காரர் ரான் பெரிய எஞ்சினியராம். ரெண்டு பேருமா சேர்ந்து ஏதோ பழைய மாடல் பிளேன் ஒண்ணு கட்டறாங்களாம். சனிக்கிழமை ஒத்தாசைக்கு ஆள் வேணுமாம். நாலு மாசம் போய் நில்லுங்க. அவர் ஒரு போன் பண்ணிச் சொன்னாப் போதும், வேலை கிடைச்சிரும்."

"சம்பளம் எவ்வளவு?"

"வாலண்டியர்னா சம்பளம் குடுப்பாங்களாங்க?"

போனேன். சிட்னியிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார் பயணம். புல்வெளியில் ஒரு சின்ன ஓடுபாதை, ஓரமாகத் தகரக் கொட்டகை. கொட்டகைக் கதவைத் திறந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். விமானம் என்றால் பக்கத்துக்கு ஓர் இறக்கை என்றுதான் எனக்குத் தெரியும். இதற்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. ரயில் பெட்டியில் லோயர், மிடில், அப்பர் என்று இருக்குமே, அச்சாக அப்படி. (மிடில் பெர்த்தை யாருமே கேட்டு வாங்கமாட்டார்கள். அதைப் போய் விமானத்தில் ஏன் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய தொழில்நுட்பக் கேள்வி.)

ரான் விளக்கினார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். எனக்குப் புரிந்த அளவுக்குத் தமிழில் தருகிறேன். முதல் உலகப் போர்க் காலத்தில் விமானம் என்பது மரமும் துணியும்தான். இறக்கையை நீளமாக வைத்தால் முறிந்துவிடும். அதனால் குட்டையாக மூன்று செய்து அடுக்கிவிட்டார்கள். முறியாது, சட்டென்று திரும்பும், சட்டென்று மேலே ஏறும்.

"எவ்வளவு தூரம் ஓடினா மேலே ஏறும்?" என்றேன்.

"எதிர்க்காற்று இருந்தால் நூறு மீட்டர்கூட வேண்டாம், நண்பா. ஏறாதே என்று சொன்னாலும் ஏறிவிடும்" என்று சொல்லிச் சிரித்தார். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன்.

பழைய வரைபடங்களைப் பார்த்து, ஒரு கட்டை விடாமல், ஆறு வருடமாகக் கணவனும் மனைவியும் அதை உருவாக்கியிருந்தார்கள். விடுமுறைக்கு எங்கும் போனதில்லை. ஓட்டப் போவது ஹெலன். இதுபோன்ற கிழட்டு விமானங்களை ஓட்டுவதில் அந்த அம்மாவுக்கு நீண்ட அனுபவம். எனக்குக் கொடுத்த வேலை, இறக்கையின் சட்டத்தோடு துணியைச் சேர்த்துத் தைப்பது. வளைந்த ஊசி, மெழுகு பூசிய நூல். நாலு மாதம் தைத்தேன். மூன்று அடுக்கு இறக்கையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்த சக்கரங்களை நான் குனிந்துகூடப் பார்த்ததில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. எஞ்சினை முதல் முறையாக விருந்தினர்கள் முன்னால் ஓடவிட்டுக் காட்டப் போகிறார்கள். ஓடவிடுவது மட்டும்தான், பறப்பதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகும், அனுமதிக் காகிதங்கள் வர வேண்டும். முந்தின வாரம் ரான் என் தோளில் தட்டி, "இது முடியட்டும். திங்கட்கிழமை காலை என் நண்பனுக்குப் போன் போடுகிறேன். தண்ணீர் பம்ப் கம்பெனி. உன்னைப் போன்ற ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லியிருந்தார். அந்தத் திங்கட்கிழமைக்காக நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சிவா அங்கிளிடம் சொன்னேன்.

"தம்பி, பூசை செய்யாமலோ ஸ்டார்ட் பண்ணப் போகினம்?" என்றார் அதிர்ச்சியோடு. "ஒரு பழைய கார் வாங்கினாலே கோயிலுக்குக் கொண்டுபோய், தேசிக்காயை மிதிச்சுத்தான் ஓடுறம். இது ஆகாயத்தில போறது. விளையாட்டே?"

(தேசிக்காய் என்றால் எலுமிச்சம்பழம். யாழ்ப்பாணத்தார் அப்படித்தான் சொல்வார்கள்.)

"வெள்ளைக்காரங்க அங்கிள். ஒத்துக்குவாங்களா?"

"நீர் கேட்டுப் பாரும். சாமான் எல்லாம் நான் கொண்டு வாறன்."

ரானிடம் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: நெருப்பு கூடாது. இறக்கைத் துணியில் பூசியிருக்கும் வார்னிஷ் பற்றிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் கம்பிகள்தான் மிஞ்சும். எனவே கற்பூரம் கிடையாது. ஊதுபத்தி கிடையாது. தேங்காயைக்கூடத் தள்ளி, கார் நிறுத்துமிடத்தில் உடைப்பதாக ஏற்பாடு. ஆபத்தையெல்லாம் முன்கூட்டியே யோசித்து நீக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம். எலுமிச்சம்பழத்தால் ஆபத்து வரும் என்று உலகத்தில் எந்த எஞ்சினியர் யோசிப்பான்?

சனிக்கிழமை காலை நல்ல வெயில், நல்ல காற்று. நாற்பது பேர் வந்திருந்தார்கள், சுமதியும் என்னோடு வந்திருந்தாள். மடக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். விமானத்துக்கு எட்டத்தில், ஓர் அடுப்பில் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் வெந்துகொண்டிருந்தது. சிவா அங்கிள் பட்டு வேட்டியில், மேலே ஜாக்கெட்டும் தோளில் சால்வையும் தலையில் குளிர்த் தொப்பியுமாக வந்து இறங்கினார். விமானத்தின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். ஹெலன் நெற்றியிலும் வைத்தோம். அங்கிள் கணீரென்று தேவாரம் பாட, எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள். நான் நான்கு மாதத்தில் முதல் முறையாகத் தையல்காரனாக இல்லாமல் ஒரு முக்கியஸ்தனாக நின்றேன்.

அடுத்தது எலுமிச்சை. அங்கிள் தன் வீட்டு மரத்தில் பறித்த இரண்டு பழங்களை என் கையில் கொடுத்தார். சக்கரத்துக்கு முன்னால் வைக்கக் குனிந்தேன். வைக்க வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு முக்கோணக் கட்டை இருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று. சிவப்புக் கயிறு கட்டி, காலையில் ரானே வைத்தது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தேன்.

என் திட்டம் பெரிய தவறில்லை. விமானத்தைக் கையால் ஓரடி தள்ளி, பழம் நசுங்கியதும் கட்டையைத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இறக்கையைப் பிடித்துத் தள்ளப் போனபோது அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளக்கூடாது தம்பி! பழுதாப்போன காரைத்தான் தள்ளுறது. புது வாகனம் தன்ர எஞ்சின் பலத்தில ஏறவேணும். இல்லாட்டி அபசகுனம்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் ஹெலன் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது, பழம் நசுங்கியதும் அவர் பிரேக்கை மிதித்துக்கொள்வார், கட்டை எதற்கு என்று முடிவு செய்தேன். இரண்டு கட்டைகளையும் பூஜைத் தட்டில் பூவோடும் வாழைப்பழத்தோடும் மரியாதையாக எடுத்து வைத்தேன். சக்கரத்தைச் சுற்றிப் பூவைத் தாராளமாகப் போட்டு அழகுபடுத்தினேன். எதுவும் வெளியே தெரியவில்லை.

அந்தக் காலத்து விமானத்துக்குப் பிரேக் கிடையாது. அந்த இரண்டு கட்டைகள்தான் பிரேக். இது எனக்கு அடுத்த நான்கு நிமிடத்தில் தெரிய வந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுற்ற வேண்டும். ரான் வந்தார், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், சுற்றினார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை ஓர் இருமல். மூன்றாம் தடவை படாரென்று பிடித்துக்கொண்டது. நாற்பது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சுமதி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, அது நகருது."

"நகரல. எஞ்சின் அதிர்வு அப்படித்தான் இருக்கும்."

"அதிர்வு இல்லீங்க. போகுது!"

எலுமிச்சை நசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டதாகவே இன்றும் நினைக்கிறேன். (அந்த எஞ்சின் இரைச்சலில் கேட்டிருக்கவே முடியாது.) காற்றாடியை விட்டு விலகி ஓரமாக நடந்துகொண்டிருந்த ரான் திரும்பிப் பார்த்தார். கீழ் இறக்கை அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. தடாலென்று புல்லில் குப்புற விழுந்தார். மூன்று அடுக்கு இறக்கையும் அவர் முதுகுக்கு மேலாகப் போயிற்று.

விமானம் சற்றுத் திரும்பி நேராக மடக்கு நாற்காலிகளை நோக்கிப் போனது. எஞ்சினை அணைத்தால் திருப்ப முடியாது, கூட்டத்துக்குள்தான் போகும் என்று ஹெலன் பிற்பாடு சொன்னார். அதனால் அவர் அணைக்கவில்லை. முழு வேகத்தில் விட்டார். வால் எழும்பியது, சக்கரம் எழும்பியது, ரான் சொன்ன நூறு மீட்டரில் பாதிகூட ஆகியிருக்காது. சந்தனம், குங்குமம், பூவோடு அந்த மூன்றடுக்கு வாகனம் நாற்பது பேரின் தலைக்கு மேல் ஏறிப் போனது. சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தவர் கரண்டியைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தார். நாற்காலிகள் உருண்டன. எல்லாரும் தரையோடு தரையாகக் குனிந்தார்கள்.

சிவா அங்கிள் மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "முருகா! பாத்தீரே தம்பி, தேசிக்காய் வேலை செய்யுது!"

அப்போது அவர் கண் பூஜைத் தட்டின் மேல் விழுந்தது. வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டைகள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மெதுவாகத் தன் சால்வையை எடுத்துத் தட்டை மூடினார்.

"வாயைத் திறக்காதையும்" என்றார் தாழ்ந்த குரலில்.

ஹெலன் ஒரு வட்டமடித்துத் திரும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். ரான் புல்லில் மண்டியிட்டு, மூக்கில் ரத்தக் கீறலோடு, வானத்தைப் பார்த்து ஹெலனின் பெயரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நிமிடம் நான் பட்ட பாட்டை யாரும் படக் கூடாது. அந்த அம்மா கீழே இறங்காவிட்டால் நான் என்ன செய்வேன்? யாரிடம் போய் என்ன சொல்வேன்?

விமானம் இறங்கியது. இரண்டு முறை குதித்தது, ஒரு பக்கம் சாய்ந்து, கீழ் இறக்கையின் நுனி தரையில் உரச, நின்றது. ஹெலன் தானாகவே இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ரானைக் கட்டிக்கொண்டு, "பறக்கிறது, ரான். நம்முடையது பறக்கிறது" என்றார். இருவரும் அழுதார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் சத்தியமாக வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஆனால் ரான் புல்லில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டை வைக்க மறந்துவிட்டேன். வைத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன், பார். என் மூளை போய்விட்டது, ஹெலன். உன்னைக் கொன்றிருப்பேன். விபத்து அறிக்கையில் என் தவறு என்றே எழுதிவிடுகிறேன். இதை விற்றுவிடலாம். இனி எனக்கு இது வேண்டாம்."

சுற்றி நின்றவர்கள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. வயதானவர், மறந்திருப்பார் என்று எல்லாருமே நம்பிவிட்டார்கள். எனக்குத் திங்கட்கிழமைப் போன் நினைவுக்கு வந்தது. சுமதிக்கு வேலை நேரப் பட்டியல் போடுகிற ஹெலனின் கை நினைவுக்கு வந்தது. அங்கிள் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். நான் போய்ச் சால்வையை விலக்கி, தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ரானின் முன்னால் வைத்தேன்.

"நீங்க மறக்கல. நான்தான் எடுத்தேன். எலுமிச்சம்பழம் வைக்க இடம் இல்லை."

என் ஆங்கிலம் அதற்கு மேல் வரவில்லை. ரான் கட்டைகளைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், வாழைப்பழத்தைப் பார்த்தார். எழுந்து போய், விமானம் முதலில் நின்றிருந்த இடத்தில் நசுங்கிக் கிடந்த இரண்டு எலுமிச்சையையும் பொறுக்கிக்கொண்டு வந்தார். அவற்றைத் தட்டில் கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ வீட்டுக்குப் போ" என்றார்.

காரில் திரும்பினோம். பாதி வழியில் சுமதி, "வேலை போனாப் போகுது. அவங்க முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்?" என்றாள். அங்கிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "பிழை என்னிலயும் இருக்குது பிள்ளை" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை மாலை ரானே வந்தார், கையில் விபத்து அறிக்கைப் படிவத்தோடு. எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எலுமிச்சை எதற்காக வைப்பது, எப்போதிலிருந்து வைக்கிறார்கள், காருக்கு எத்தனை, லாரிக்கு எத்தனை என்று விசாரித்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியதை நான் பார்த்தேன். பழம் வைப்பதற்காகச் சக்கரக் கட்டைகள் அகற்றப்பட்டன. பழங்கள் இரண்டு. (அறிக்கை போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் அதைப் படித்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தால் இன்றும் எனக்கு வியர்க்கிறது.)

கிளம்பும்போது, "நண்பனுக்குப் போன் செய்துவிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன்" என்றார். அப்படியானால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எதிரே இருந்தவர் பம்ப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எலுமிச்சையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா?" என்றார்.

"தெரிந்திருக்காது."

"பிறகு ஏன் சொன்னீர்கள்?"

"தனக்கு மூளை போய்விட்டது என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்" என்றேன். அடுத்த வாரமே வேலையில் சேரச் சொன்னார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

ரான் விமானத்தை விற்கவில்லை. காகிதங்களும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன. இப்போதெல்லாம் கோடையில் அது கிளம்பினால் கூட்டம் கூடுகிறது. ஹெலன் கிளம்பும் முன் சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுத் தன் முழங்காலில் கட்டிக்கொள்கிறார். பெட்ரோல், கட்டை, சுவிட்ச் என்று போகும் அந்தப் பட்டியலில் கட்டைக்கு அடுத்த வரியாக 'பழம்' என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த வரிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியவன் நான். ரான் உரக்கக் கூப்பிடுவார். நான் எல்லார் முன்னிலையிலும் மண்டியிட்டு, இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தூக்கிக் காட்டி, தமிழிலேயே சொல்ல வேண்டும். அது ஹெலனின் உத்தரவு.

"பழம் இல்லை!"

உடனே நாற்காலியில் இருக்கும் நாற்பது பேரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வார்கள், ல-வையும் ழ-வையும் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டு. அதன் பிறகுதான் ரான் காற்றாடியில் கை வைப்பார். அந்த ஊர் மொத்தத்துக்கும் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அதுதான்.